சத்தம் ஆகாது, சோர்வும் உண்டு: எப்காட் கேண்டில்லைட் நிகழ்ச்சிக்குப் போகலாமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இதுதான். உங்களுக்கு நாள்பட்ட சோர்வு நோய் இருக்கிறது. சக்திக்கு மீறி ஒரு நாள் ஓடினால் அடுத்த இரண்டு மூன்று நாள் படுக்கைதான். திடீர்ச் சத்தமும் கண்ணில் அடிக்கும் வெளிச்சமும் ஒத்துக்கொள்வதில்லை. டிசம்பரில் கணவர், மகளோடு ஆர்லாண்டோ போகிறீர்கள். அங்கே டிஸ்னியின் எப்காட் பூங்காவில் நடக்கும் கேண்டில்லைட் ப்ராசஷனல் என்ற கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சியை ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும் என்று ஆசை. கணவர் வீல்சேர் எடுக்கலாம் என்கிறார், உங்களுக்கு மனசு வரவில்லை. போகலாமா, வேண்டாமா?

போகலாம். எனக்கும் இந்த இரண்டு தொல்லைகளும் உண்டு, நான் போய்க் கேட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சியில் உட்கார்ந்திருக்கும் நேரம் உங்களைப் படுக்க வைக்காது. அதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் நேரமும், முடிந்தபின் கூட்டத்தோடு வெளியேறும் நேரமும்தான் படுக்க வைக்கும். அதனால் பணம், திட்டம், பிடிவாதம் மூன்றையும் அந்த இரண்டு இடங்களில் செலவழியுங்கள்.

நிகழ்ச்சியைப் பற்றிக் கொஞ்சம். 1958-இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் தொடங்கிய வழக்கம் இது. 1971-இல் புளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு வந்தது, 1994-இல் எப்காட்டுக்கு மாறியது. சுமார் 50 பேர் கொண்ட இசைக்குழு, பெரிய பாடகர் குழு, ஒரு பிரபலம் நின்று இயேசு பிறப்பின் கதையை வாசிப்பது, நடுநடுவே கிறிஸ்துமஸ் பாடல்கள். அவ்வளவுதான். ஏறக்குறைய 40 நிமிடம். வாணவேடிக்கை இல்லை, ஓடியாடும் கதாபாத்திரங்கள் இல்லை. ஒரு தீம் பார்க்கில் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடச் சாந்தமான பெரிய நிகழ்ச்சி அமைவது கஷ்டம். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரை, பெரும்பாலும் ஒரு மாலைக்கு மூன்று காட்சிகள். பூங்கா டிக்கெட் இருந்தால் போதும், தனிக் கட்டணம் கிடையாது.

கட்டணம் இல்லை என்பதில்தான் சிக்கலே. இலவச வரிசையில் இடம் கிடைக்க முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். பெயர் பெற்ற வாசிப்பாளர் என்றால் இன்னும் முன்னால். நடிகர் நீல் பேட்ரிக் ஹாரிஸ் மாதிரி ஒருவர் வரும் நாட்களில் வரிசை நீளும் நீளத்தைப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றும். நிற்காமல் உட்கார நாற்காலி கொண்டுபோகலாமே என்று தோன்றும். மடக்கு நாற்காலியை வாசல் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே டைனிங் பேக்கேஜ் வாங்குங்கள். எப்காட்டுக்குள் இருக்கும் குறிப்பிட்ட உணவகங்களில் ஒன்றில் நிர்ணயித்த விலைக்குச் சாப்பிட்டால், ஒரு காட்சிக்கு இடம் உறுதி. உறுதி என்றால் உங்கள் பெயர் எழுதிய நாற்காலி இல்லை. பேக்கேஜ்காரர்களுக்கென்று ஒரு பகுதி, அதற்குள் முதலில் வந்தவர் முதலில் உட்காரலாம். ஆக அங்கேயும் ஒரு குட்டி வரிசை உண்டு, ஆனால் இலவச வரிசையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. விலை அதிகம்தான். சாப்பாட்டுக்கு இவ்வளவா என்று உங்கள் கணவர் கேட்டால், சாப்பாட்டுக்கு இல்லை, நிற்காமல் இருப்பதற்கு என்று சொல்லுங்கள்.

உணவகத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். எந்தெந்த உணவகம் பேக்கேஜில் சேரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் அவற்றின் குணம் மாறாது. எப்காட்டில் ஓர் ஏரியைச் சுற்றி நாட்டுக்கு ஒன்றாகப் பகுதிகள் உண்டு, நான் சொல்லும் உணவகங்கள் அவற்றில் இருப்பவை. ஜெர்மனி பகுதியில் உள்ள பியர்கார்டன் பெரிய கூடம், உள்ளே மேளதாளத்தோடு நேரடி இசை. நிகழ்ச்சிக்கு முன்பே உங்கள் காது தீர்ந்துவிடும். நார்வே பகுதியின் அகர்ஷஸில் டிஸ்னி கதை இளவரசிகள் மேசை மேசையாக வருவார்கள். உங்கள் மகளுக்குக் கொண்டாட்டம், உங்களுக்குப் பேச்சும் கேமராவும் கூச்சலும். கனடா பகுதியின் லெ செல்லியே நிலவறை மாதிரி மங்கலான வெளிச்சம் உள்ள இடம், கண்ணுக்கு இதம், ஆனால் அரங்கிலிருந்து தூரம். இத்தாலி, ஜப்பான் பகுதி உணவகங்கள் அரங்குக்கு இரண்டு பக்கமும் அக்கம்பக்கம். பட்டியலில் அவற்றில் ஒன்று இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பேன். சாப்பாட்டையும் காட்சிக்கு வெகு முன்னால், மதியம் இரண்டு மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வு நேரமும்கூட. நிறையச் சாப்பிட்டால் மந்தம் தட்டும் என்பது உங்களுக்கே தெரியும். விலை கொடுத்தோமே என்று எல்லாவற்றையும் முடிக்கத் தேவையில்லை.

அடுத்தது தூரம். நிகழ்ச்சி நடக்கும் அமெரிக்கா கார்டன்ஸ் தியேட்டர், வேர்ல்ட் ஷோகேஸ் எனப்படும் அந்த நாட்டுப் பகுதிகளின் ஏரிக்கரையில், முன்வாசலிலிருந்து பார்த்தால் பூங்காவின் கடைக்கோடியில் இருக்கிறது. ஏரியைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர், அதில் பாதியை நடந்தால்தான் அரங்கு வரும். அந்த 2 கிலோமீட்டர் கணக்கில் முன்வாசலிலிருந்து ஏரிக்கரை வரை உள்ள தூரம் சேரவில்லை. வழி நெடுக விடுமுறைக் கால உணவுத் திருவிழாவின் கடைகள், அவற்றின் முன் வரிசைகள், வாசனைகள். வாசனையும் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

இதற்கு நல்ல வழி பின்வாசல். இன்டர்நேஷனல் கேட்வே என்று பெயர், பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் நடுவில் திறக்கிறது. உள்ளே வந்து வலப்பக்கம் திரும்பினால் ஒரு பாலம், பிறகு பிரான்ஸ், மொராக்கோ, ஜப்பான், அடுத்தது அரங்கு. ஸ்கைலைனர் என்ற கம்பிவட ஊர்தி அந்த வாசலில்தான் இறக்கிவிடும். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியேரா ஆகிய விடுதிகளிலிருந்து அது வருகிறது. போர்ட்வாக், யாட் கிளப், பீச் கிளப் விடுதிகளில் தங்கினால் நடந்தோ வீல்சேரிலோ வந்துவிடலாம். இன்னும் விடுதி பதிவு செய்யவில்லை என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே இவற்றில் ஒன்றைப் பாருங்கள். கார் நிறுத்தி முன்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்றால், முன்வாசல் பக்கத்து ஏரிக்கரையான ஷோகேஸ் பிளாசாவிலிருந்து ஜெர்மனிக்கும் மொராக்கோவுக்கும் ஏரியைக் கடக்கும் படகுகள் இருக்கின்றன. உட்கார்ந்தபடியே பாதி தூரம் கழியும்.

இப்போது வீல்சேர். எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடிகிறவளுக்கு எதற்கு வீல்சேர் என்று நாலு பேர் நினைப்பார்கள் என்பதுதானே தயக்கம்? அந்த நாலு பேர் மறுநாள் உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்காரப்போவதில்லை. பூங்காக்களில் வீல்சேரில் வருபவர்களில் எழுந்து நடக்கக்கூடியவர்கள் ஏராளம், ஊழியர்களுக்கு அது தினப்படி காட்சி. முன்வாசலிலும் பின்வாசலிலும் வாடகைக்குக் கிடைக்கும். முன்பதிவு கிடையாது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். நெரிசலான நாட்களில் வெளி நிறுவனங்களிடம் சொல்லி விடுதிக்கே வரவழைப்பது நல்லது.

எதை எடுப்பது என்பதில் எனக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. மின்சார ஸ்கூட்டர் வசதியாகத் தெரியும். ஆனால் டிசம்பர் மாலையில் அந்தக் கூட்டத்தில் அதை ஓட்டுவது ஒரு வேலை. குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள், முன்னால் போகிறவர் திடீரென்று நின்று படம் எடுப்பார். ஒவ்வொரு நொடியும் கவனிக்க வேண்டும். மூளை மந்தமாகும் நேரத்தில் அது நடப்பதைவிடக் களைப்பு. கணவர் தள்ளும் சாதாரண வீல்சேரில் நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம், அதுதான் பெரிய லாபம். இன்னொன்று, உட்கார்ந்திருக்கும் உயரத்தில் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். பைகளும் முழங்கைகளும் முகத்துக்கு நேரே வரும். தொப்பியும் மடியில் ஒரு பையும் இருந்தால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். மகளை உங்களுக்கு முன்னால் நடக்கவிடுங்கள், கூட்டம் அவளைப் பார்த்து விலகும்.

ஊனமுற்றோர் அணுகல் சேவை, அதாவது வரிசையில் நிற்காமல் முறை வரும்வரை வேறிடத்தில் காத்திருக்க டிஸ்னி தரும் டிஏஎஸ் வசதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 மே மாதம் முதல் புளோரிடாவில் அதன் விதி இறுகிவிட்டது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நெடுநேரம் நிற்க இயலாதவர்களுக்கு என்று இப்போது வரையறுத்திருக்கிறார்கள். சோர்வு நோய்க்குப் பெரும்பாலும் வீல்சேரையோ வேறு ஏற்பாட்டையோ சொல்வார்கள். வீடியோ அழைப்பில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதை நம்பிக் கேண்டில்லைட் திட்டத்தைப் போடாதீர்கள். அது முக்கியமாகச் சவாரிகளுக்கான ஏற்பாடு.

எந்த நாள், எந்தக் காட்சி? டிசம்பர் முதல் பாதியில், வார நாளில், அவ்வளவாகப் பரபரப்பில்லாத வாசிப்பாளர் வரும் மாலை. வாசிப்பாளர் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுவார்கள். உங்களுக்கு இசைதான் முக்கியம் என்றால் யார் வாசித்தாலும் கதை அதே கதைதான். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தொடவே வேண்டாம்.

காட்சியில் முதலாவதை எடுங்கள். மாலை ஐந்து மணி சுமாருக்குத் தொடங்கும். அங்கே டிசம்பரில் சூரியன் ஐந்தரை மணிக்கு மறையும், ஆகவே பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே மேடை விளக்குகள் வருகின்றன. கும்மிருட்டில் திடீரென்று எரியும் விளக்குக்கும் இதற்கும் கண்ணுக்கு நிறைய வித்தியாசம். இன்னும் பெரிய காரணம் வாணவேடிக்கை. இரவு அதே ஏரியின் நடுவிலிருந்துதான் அதைக் கொளுத்துகிறார்கள், அரங்கோ ஏரிக்கரையில். கடைசிக் காட்சி முடிந்து வெளியே வருகிற நேரமும் வாணவேடிக்கைக்காக ஜனம் கரையில் குவிகிற நேரமும் ஒன்றோடொன்று உரசும். நெஞ்சில் இடிக்கும் அந்தச் சத்தத்துக்குக் காதடைப்பான் போதாது, உடம்பு வழியாகவே வரும். முதல் காட்சிக்குப் போனால் ஏழு மணிக்குள் நீங்கள் விடுதி திரும்பும் வழியில் இருக்கலாம்.

காதுக்கு வருவோம். இதில் பலரும் சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோனை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது விமான இரைச்சல் மாதிரி நீளமாக, தாழ்வாக வரும் ஒலியை நன்றாக விழுங்கும். திடீரென்று ஊதும் டிரம்பெட்டை அவ்வளவாகத் தடுக்காது. இந்த நிகழ்ச்சி டிரம்பெட் முழக்கத்தோடுதான் ஆரம்பிக்கும். நுரைப்பஞ்சுக் காதடைப்பான் நன்றாகத் தடுக்கும், ஆனால் உயர்ந்த சுரங்களை அதிகமாக வெட்டிவிடும். பாட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி ஆகிவிடும், அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம். இசைக்கலைஞர்கள் போடும் காதடைப்பான் என்று தனியாக விற்கிறது. எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக, 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு, மேலே மாட்ட ஒரு காதுக்கவசத்தையும் மடியில் வைத்திருங்கள். பாட்டுக்கு முதலாவது, கைத்தட்டலுக்கு இரண்டும். சுற்றி இருக்கும் கூட்டத்தின் கைத்தட்டல்தான் எனக்கு எப்போதும் பாடகர்களைவிடக் கஷ்டம்.

கிளம்பும் முன் வீட்டிலேயே யூடியூபில் முழு நிகழ்ச்சியையும் ஒருமுறை பாருங்கள். பல ஆண்டுகளின் பதிவுகள் கிடைக்கின்றன. சுவாரஸ்யம் போய்விடுமே என்பீர்கள். கதை இரண்டாயிரம் ஆண்டு பழையது, போனால் போகட்டும். முழக்கம் எப்போது, அமைதியான பாட்டு எப்போது, எந்த இடத்தில் எல்லோரும் எழுவார்கள் என்று தெரிந்துவிட்டால் திடுக்கிடல் பாதிக்கு மேல் குறையும். கடைசிப் பகுதிதான் உச்ச சத்தம். அங்கே ஹேண்டலின் அல்லேலூயா பாடலுக்கு அரங்கமே எழுந்து நிற்பது வழக்கம். நீங்கள் எழ வேண்டியதில்லை. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் பரவாயில்லை.

இருக்கையில் ஒரு சங்கடம் உண்டு. வெளியேற வசதியாக நடைபாதை ஓர இருக்கைதான் வேண்டும் என்று நாம் கேட்போம். ஆனால் பாடகர் குழு விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டே பார்வையாளர்களுக்கு நடுவே உள்ள நடைபாதைகள் வழியாகத்தான் மேடைக்கு வரும். அதுதான் ப்ராசஷன். வரிசை வரிசையாக ஆட்கள் உங்கள் தோளை ஒட்டிப் பாடிக்கொண்டு போவது சிலருக்குப் பரவசம், சிலருக்குத் தாங்காது. நீங்கள் இரண்டாம் ரகம் என்று நினைத்தால் கணவரை ஓரத்தில் உட்காரவைத்து நீங்கள் அடுத்ததில் உட்காருங்கள். ஒலிபெருக்கிக்கு நேரே உள்ள இடத்தைத் தவிருங்கள், முடிந்தவரை பின்பக்கம் கேளுங்கள். வீல்சேரில் இருந்தால் அதற்கான இடத்துக்கு ஊழியர்களே அழைத்துப் போவார்கள். கூட எத்தனை பேர் உட்காரலாம் என்பதை நுழையும்போதே கேட்டுவிட்டால் கடைசி நேரத்தில் மகள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் ஆகாது.

அரங்கு திறந்தவெளி, பெஞ்சுகளில் மெத்தை கிடையாது. சின்னக் குஷன் ஒன்று கட்டாயம். புளோரிடாதானே என்று பருத்திச் சட்டையோடு போய்விடாதீர்கள். பகலில் வியர்க்க வைத்துவிட்டு, இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும் நாட்கள் டிசம்பரில் சகஜம், ஏரிக்காற்று வேறு. குளிரில் தசை இறுகினால் சோர்வு இரட்டிப்பாகும். உங்களுக்குப் பழகிய, உடம்பை உறுத்தாத சால்வை ஒன்று போதும், புதிதாக எதையும் அன்றைக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். கண்ணுக்கு விளிம்புள்ள தொப்பி. ஒளிக்கூச்சத்துக்கென்றே வரும் ரோஜா நிறக் கண்ணாடி வைத்திருந்தால் அதுவும்.

உள்ளே போகும் முன்பே கணவரோடு ஒரு சைகை பேசி வையுங்கள். முழங்காலை இரண்டு தரம் தட்டினால் வெளியே போகிறோம், அவ்வளவுதான், ஏன் எதற்கு என்ற விசாரணை கிடையாது. மகள் முழுதும் பார்க்க விரும்பினால் யார் அவளோடு இருப்பது, நீங்கள் தனியாக எங்கே காத்திருப்பது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். முதலுதவி மையம் ஏரியின் மறுபக்கம், மெக்சிகோ பகுதிக்கு முன்னால் ஒடிசி கட்டடத்தில் இருக்கிறது. படுத்து ஓய்வெடுக்க இடம் தருவார்கள். ஆனால் அரங்கிலிருந்து தூரம் என்பதால் காட்சி நேரத்தில் அது உதவாது. பக்கத்தில் வேண்டுமென்றால் ஜப்பான் பகுதியில் மிட்சுகோஷி கடையைத் தாண்டிப் போனால் ஒரு சின்னக் கண்காட்சிக்கூடம் உண்டு. பெரும்பாலானவர்கள் கடையோடு திரும்பிவிடுவதால் அங்கே அமைதி.

காட்சி முடிந்ததும் உங்களோடு ஓர் அரங்கு நிறைய ஜனம் எழுந்திருக்கும், வெளியே அடுத்த காட்சிக்கான வரிசையும் நிற்கும். கடைசிப் பாட்டின் நடுவிலேயே கிளம்பிவிடுவது ஒரு வழி. மனசு வரவில்லை என்றால் எல்லோரும் போகட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, ஊழியர்கள் கிளம்பச் சொல்லும்போது கிளம்புங்கள்.

அரங்குக்குள் உட்காரவே முடியாத நாளாக அது அமைந்துவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. மேடை ஏரிப் பக்கம், பார்வையாளர்களின் முதுகுப்புறம் பொதுப்பாதை. சுவர் கிடையாது. பாதையில் தள்ளி நின்று, உங்களுக்குத் தாங்கும் தூரத்தில் வீல்சேரை நிறுத்திக் கேட்கலாம். ஒலி அங்கே வரை நன்றாகவே வரும், வேண்டாம் என்றால் அப்படியே நகர்ந்துவிடலாம். பேக்கேஜ் வாங்காமல் இதை மட்டுமே திட்டமாக வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சத்தத் தொல்லை சோர்வைவிட அதிகம் என்றால் உங்களுக்கும் அதுவே உசிதமாக இருக்கலாம்.

இனி நாட்கணக்கு. உழைப்புக்குப் பிந்தைய சரிவு பொதுவாக 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வந்து சேரும். அதனால் நிகழ்ச்சி நடக்கும் மாலையில் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தோன்றுவதை நம்ப வேண்டாம். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் முழு ஓய்வு. அதற்கடுத்த நாள் நிகழ்ச்சி. அன்று காலை அறையிலேயே இருங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் பூங்காவுக்குள் போக வேண்டும். ஒரு நாள் டிக்கெட் நூறு டாலரைத் தாண்டும், அதற்கு அரைநாள்தானா என்று வயிறு எரியும். எரியட்டும். மகளுக்குக் காலையில் சவாரிகள் வேண்டுமென்றால் அப்பாவோடு போய்வரட்டும், உங்கள் நாள் மதியம் தொடங்குகிறது. அன்றைக்கு நீங்களும் ஏதாவது ஒரு சவாரி போகத்தான் வேண்டும் என்றால் லிவிங் வித் தி லேண்ட் என்ற படகுச் சவாரி மெதுவானது, அலங்கார விளக்குகளும் போட்டிருப்பார்கள். ஆனால் அது முன்வாசல் பக்கம். பின்வாசல் வழியாக வருகிறீர்கள் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

பிறகு இரண்டு நாள் எதுவும் வைக்காதீர்கள். திரும்பும் விமானத்தை மூன்றாம் நாளுக்குப் பதிவு செய்யுங்கள். பேக்கேஜ் முன்பதிவு பொதுவாக நிகழ்ச்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும், முதல் காட்சி இடங்கள் சீக்கிரம் போகும். விடுதி, விமானம் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பிடித்துவிட்டு, மற்ற தேதிகளை அதைச் சுற்றிப் போடுங்கள்.